ஒரு பல் தள்ளி

சாயங்காலத்துக்குள் என்னை அனுப்பிவிடுவீர்கள் என்று நினைக்கிறேன். வீட்டில் என் மனைவியோடு அவள் தங்கை இருக்கிறாள்தான். ஆனால் தட்டைக் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டால் என் மனைவி அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். ஏற்கெனவே சாப்பிட்டோமோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்துவிடும். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து, "நீ இன்னும் சாப்பிடலம்மா, சாப்பிடு" என்று சொல்ல வேண்டும். நான் சொன்னால் சாப்பிடுவாள். வேறு யார் சொன்னாலும் என் முகத்தைத்தான் தேடுவாள்.

புகார் கொடுத்தது அந்தத் தங்கை என்பது எனக்குத் தெரியும். அவள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அக்கா மேல் இருக்கிற பாசம் அப்படிச் செய்ய வைக்கிறது. நீங்களும் எந்தப் பிரிவில் வழக்குப் போடுவதென்று தெரியாமல் அந்தத் தடிப் புத்தகத்தை இவ்வளவு நேரமாகப் புரட்டிக்கொண்டிருக்கிறீர்கள். நான் முதலிலிருந்து சொல்கிறேன். எதில் வருகிறதோ அதில் போட்டுக்கொள்ளுங்கள்.

எஞ்சின் பற்றி ஒன்றும் தெரியாது என்றீர்கள். இதற்கு அதிகம் தெரிய வேண்டியதில்லை. கீழே கிராங்க் என்று ஒரு தண்டு சுற்றுகிறது. பிஸ்டன்கள் மேலும் கீழும் ஓடி அதைத்தான் சுற்றுகின்றன. மேலே கேம்ஷாஃப்ட் என்று இன்னொரு தண்டு, வால்வுகளைத் திறந்து மூடுவதற்கு. கீழே இரண்டு சுற்று என்றால் மேலே ஒரு சுற்று. இரண்டையும் சேர்த்துக் கட்டியிருப்பது டைமிங் செயின். சைக்கிள் செயின் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். இரு முனையிலும் பல் சக்கரம், சக்கரத்தில் ஒரு புள்ளி, செயினில் அங்கங்கே நிறம் வேறாக ஒரு கண்ணி. எஞ்சினைப் பிரித்துத் திரும்பக் கட்டும்போது அந்தப் புள்ளிக்கு நேராக அந்தக் கண்ணி உட்கார வேண்டும். உட்கார்ந்துவிட்டால் அந்த இரண்டு தண்டுகளும் ஒன்றின் முகத்தை ஒன்று பார்க்காமலே வருடக்கணக்கில் ஒழுங்காகக் குடித்தனம் பண்ணும்.

ஒரு பல் தள்ளி உட்கார்ந்தால் எஞ்சின் உடைந்துவிடாது. கிளம்பும். ஆனால் குலுங்கும், இழுக்காது, மேடு ஏறும்போது மூச்சு வாங்கும். அதற்கும் மேலே தள்ளினால்தான் பிஸ்டனும் வால்வும் முட்டிக்கொண்டு எல்லாம் வீணாகும். நான் ஒருபோதும் ஒரு பல்லுக்கு மேல் தள்ளியதில்லை. இதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.

நானும் என் மனைவியும் ஒரே தொழிற்பயிற்சிப் பள்ளியில் படித்தவர்கள். எங்கள் வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். படிப்பு முடிந்ததும் கல்யாணம், கல்யாணம் முடிந்ததும் கடை. ஒரு பக்கம் டயர் கடை, மறுபக்கம் அச்சகம், நடுவில் தகரக் கூரை போட்ட எங்கள் பட்டறை. முன்னால் கண்ணாடி அறையில் நான் இருப்பேன். ஆட்களிடம் பேசுவது, சாமான் வாங்குவது, பிரேக், கிளட்ச், சின்னச் சின்ன வேலைகள் என்னுடையவை. பின்பக்க அறை அவளுடையது. எஞ்சின் வேலை முழுவதும் அங்கேதான். அந்த அறையை அவளே பெருக்குவாள். பழைய படுக்கை விரிப்பு ஒன்றை விரித்து, கழற்றிய சாமான்களைக் கழற்றிய வரிசையிலேயே அடுக்கி வைப்பாள். ஒரு வாஷர் இடம் மாறினாலும் கண்டுபிடித்துவிடுவாள்.

அவளுக்குக் காது நல்ல காது. நீளமான திருப்புளியின் நுனியை ஓடுகிற எஞ்சின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக்கொள்வாள். கண்ணை மூடிக்கொள்வாள். கொஞ்ச நேரத்தில் எது தேய்ந்திருக்கிறது, எது தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். திறந்து பார்த்தால் அப்படியே இருக்கும். அப்போது அவள் முகத்தில் சந்தோஷம் என்றெல்லாம் எதுவும் தெரியாது. தன் சாவியை எடுத்துத் தன் வீட்டைத் திறந்தவள் மாதிரி இருப்பாள்.

ஆட்கள் அவளுக்கு 'எஞ்சின் அக்கா' என்று பேர் வைத்துவிட்டார்கள். எனக்குத் தனியாகப் பேர் எதுவும் வைக்கவில்லை. ஒருநாள் யாரோ போன் செய்தார்.

"எஞ்சின் அக்கா வீட்டுக்காரரா?"

"ஆமா. சொல்லுங்க."

"அக்காகிட்ட குடுங்க."

"என்ன விஷயம்னு எங்கிட்டயே சொல்லலாம்."

"இல்ல சார், இது எஞ்சின் விஷயம்."

அவளிடம் இதைச் சொல்லி இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். எனக்கு அதில் மனத்தாங்கல் எதுவும் இல்லை. கடைக்கு நல்ல பேர் வந்தால் அது எனக்கும் சேர்த்துத்தானே.

பிறகு நாங்கள் படித்த பள்ளியிலிருந்து முதல்வரே நேரில் வந்தார். அதே பள்ளி இப்போது வேறு ஊரில் பெரிய கட்டடமாக இருக்கிறது. எஞ்சின் பிரிவுக்கு ஆசிரியர் வேண்டும், இவள் வர வேண்டும் என்றார். வார நாட்களில் அங்கேயே தங்க வேண்டும், சனி ஞாயிறு வீட்டுக்கு வரலாம். அவர் கண்ணாடி அறையில் என் எதிரே உட்கார்ந்து என்னிடம்தான் பேசினார். ஆனால் பேசும்போது பார்வை முழுக்கப் பின்பக்க அறையின் கதவில் இருந்தது.

அன்றைக்குத் துணி மடித்துக்கொண்டே அவள் கேட்டாள். "போகட்டுமா? நீங்க தனியா இருந்துடுவீங்களா?"

"தாராளமா போ. உன்னை விட்டா வேற யாரைக் கூப்பிடுவாங்க."

இதைத்தான் சொன்னேன். அவள் போகக் கூடாது என்று நான் ஒருநாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எங்களுக்குக் குழந்தை இல்லை. வீட்டில் அவளும் நானும்தான். மடித்த துணிகளில் அவளுடையவற்றைத் தனியாக ஒரு பக்கம் அடுக்கிக்கொண்டிருந்தாள். வேண்டுமென்று செய்யவில்லை. கை தானாக அடுக்கியது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் எண்ணம் மிகச் சாதாரணமானது. ஒரே ஒரு எஞ்சின் சரியாக வராவிட்டால், 'நான் இன்னும் கொஞ்ச நாள் கழித்துப் போகிறேன்' என்று அவளே சொல்லிவிடுவாள். யார் மனமும் நோகாது. அவ்வளவுதான் நினைத்தேன்.

அந்த வாரம் பால்வண்டிக்காரரின் எஞ்சின் இருந்தது. தினமும் விடிவதற்குள் தெருத்தெருவாகப் பால் போடுகிற மனிதர், வண்டியும் அவரைப் போலவே உழைத்துத் தேய்ந்த வண்டி. பிஸ்டன் ரிங், பேரிங், செயின், இரண்டு பக்கத்துப் பல் சக்கரம் எல்லாமே புதிது போட்டாள். செயினை மாட்டிவிட்டு, கிராங்க்கைக் கையால் இரண்டு சுற்று சுற்றி, புள்ளிகள் திரும்பவும் அதே இடத்துக்கு வருகின்றனவா என்று பார்த்தாள். அது அவள் வழக்கம். மூடினாள். சைலன்சருக்கு ஒரு கிளாம்ப் குறைகிறது என்று கடைக்குப் போனாள்.

நான் பின்பக்க அறைக்குப் போனேன். மேலே வால்வு கவரைத் திறந்தேன். செயினை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிற டென்ஷனரை வெளிப்பக்கமாகவே கழற்றலாம், கழற்றினேன். செயின் தளர்ந்தது. கேம் சக்கரத்தின் போல்ட்டை எடுத்துச் சக்கரத்தைக் கையில் பிடித்து, செயினை ஒரு பல் நகர்த்தித் திரும்ப மாட்டினேன். சொல்வதற்குத்தான் நீளமாக இருக்கிறது. அவள் திரும்பி வந்தபோது நான் கண்ணாடி அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். அவளுக்கும் ஒன்று வாங்கி வைத்திருந்தேன்.

எஞ்சினைக் கிளப்பினாள். குலுங்கியது. தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டாள். "ஒரு பல் மாறியிருக்கு" என்றாள், திறந்து பார்ப்பதற்கு முன்னாலேயே. திறந்து பார்த்தாள். அப்படித்தான் இருந்தது.

"எப்படிங்க? ரெண்டு சுத்து சுத்திப் பார்த்தேனே."

"அசதியா இருக்கும். விடு."

"கண்ணை எங்க வெச்சுக்கிட்டு மாட்டினேனோ" என்று சிரித்தாள். சரிசெய்தாள். பால்வண்டி போய்விட்டது. பள்ளிக்குப் போவதைப் பற்றிய பேச்சில் ஒரு மாற்றமும் இல்லை. அன்றைக்கும் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

ஒன்று போதவில்லை என்று புரிந்தது. அடுத்த எஞ்சினிலும் செய்தேன். அப்போது அவள் சிரிக்கவில்லை. கண் பரிசோதனைக்குப் போய்ப் புதுக் கண்ணாடி வாங்கி வந்தாள்.

அதற்கடுத்தது ஒரு போட்டோகிராபரின் கார். செயினை மாட்டியதும் என்னைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, ஒரு நிமிஷம் வாங்களேன். மேல பாருங்க. புள்ளி சரியா இருக்கா?"

"இருக்கு."

"கீழ?"

"கீழயும் சரி."

இரண்டு சுற்று சுற்றித் திரும்பவும் காட்டினாள். திரும்பவும் பார்த்தேன். "எதுக்கும்மா இவ்ளோ பயம்" என்று தோளைத் தட்டிவிட்டு வந்தேன். மத்தியானம் அவள் பேங்க் வரை போயிருந்தபோது நகர்த்தினேன்.

கிளப்பியதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. "நீங்கதானே பார்த்தீங்க" என்றாள்.

உண்மையில் அந்த இடத்தில் என்ன சொல்வதென்று நான் யோசித்து வைக்கவில்லை. வாய் தானாகச் சொன்னது. "நானா? எப்ப?"

"காலைல. கூப்பிட்டேனே. மேல சரி, கீழ சரின்னு சொன்னீங்களே."

"அது போன தடவைம்மா. இன்னைக்கு நான் பின்பக்கமே வரலையே."

அவள் என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். எங்களுக்குள் அதுவரை பொய் இருந்ததில்லை. அதனால் நான் பொய் சொல்லலாம் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. அவள் முகத்தில் அது தெளிவாகத் தெரிந்தது. தன் தலைக்குள்ளேயே எதையோ தேட ஆரம்பித்தாள். கையில் அழுக்கே இல்லை, ஆனாலும் துணியை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு செயினைக் கழற்றி மாட்டுவதற்கு எவ்வளவோ வேலை இருக்கிறது. இந்த வார்த்தைக்கு ஒரு ஸ்பேனர்கூடத் தேவைப்படவில்லை.

அதன் பிறகு மற்றதெல்லாம் பெரும்பாலும் அவளே செய்துகொண்டாள். பூட்டிய கதவைத் திரும்பப் போய்ப் பார்த்தாள். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பினாள். முன்பும் எல்லோரையும் போல எதையாவது மறந்திருப்பாள்; அப்போது அது மறதி. இப்போது ஒவ்வொன்றும் எஞ்சின் தப்புகளோடு போய்ச் சேர்ந்துகொண்டது. சாவியை இரண்டொரு தடவை நான் இடம் மாற்றி வைத்ததுண்டு. அவளுடைய மூக்குக் கண்ணாடியை ஒரு தடவை குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். அதெல்லாம் சும்மா. அவளைச் சிரிக்க வைக்கலாம் என்றுகூட நினைத்திருப்பேன். அவள் சிரிக்கவில்லை.

பள்ளிக்கு அவளே போன் செய்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். "இப்ப என்னால முடியாது சார். நான் சொல்லிக் குடுத்து பசங்க தப்பாக் கத்துக்கிட்டா பாவம்" என்றாள். போனை வைத்துவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

அத்தோடு நீங்கள் நிறுத்தியிருக்கலாமே என்று கேட்கப் போகிறீர்கள். தங்கையும் அதைத்தான் கேட்டாள். நான் நிறுத்தினேன். இரண்டு எஞ்சின்களைத் தொடவே இல்லை. இரண்டும் அருமையாக ஓடின. அவள் மெதுவாகத் தலை நிமிர்ந்தாள். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அந்தப் பள்ளிக்கூடத்துல இன்னும் யாரும் சேரலையாம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் அடுத்த எஞ்சினைத் தொட்டேன். பாரம் ஏற்றிய வண்டியை மேட்டில் நிறுத்திவிட்டால், சக்கரத்துக்குப் பின்னால் வைத்த கல்லை எடுக்க முடியாதல்லவா. அந்த மாதிரி.

அந்தத் தடவைதான் அவள் என்னைப் பார்த்துவிட்டாள். சாமான் கடைக்குக் கிளம்பியவள் கைப்பையை மறந்து திரும்பி வந்தாள். வால்வு கவர் திறந்திருக்கிறது, டென்ஷனர் விரிப்பின் மேல் கிடக்கிறது, கேம் சக்கரம் என் கையில் இருக்கிறது. கதவருகே நின்றாள். நானும் அப்படியே நின்றேன்.

இப்போது எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஒருவிதத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது. அவள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் ஒப்புக்கொண்டிருப்பேன். அவள் கேட்டது வேறு.

"மறுபடியும் தப்பா மாட்டிட்டேனா?"

"ஒரு பல்லுதான்" என்றேன். "நீ வர்றதுக்குள்ள சரி பண்ணிடலாம்னு பார்த்தேன். உனக்குத் தெரிய வேணாம்னுதான்."

"எத்தனை நாளா இப்படி எனக்குத் தெரியாம சரி பண்ணிட்டிருக்கீங்க?"

"கொஞ்ச நாளா."

அவள் வந்து எண்ணெய் படிந்த என் கையை அப்படியே எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "உங்களை எவ்ளோ கஷ்டப்படுத்திட்டேன்" என்றாள். அன்றைக்கு அந்தச் சக்கரத்தை அவள் கண் முன்னாலேயே புள்ளிக்கு நேராக மாட்டினேன். அவள் பக்கத்தில் நின்று விளக்குப் பிடித்தாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் அவ்வளவு நெருக்கமாக இருந்த பொழுது வேறு எதுவும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

அதோடு பட்டறைக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள்.

டாக்டரிடம் நான்தான் அழைத்துப் போனேன். பொறுமையான மனிதர். அவளிடம் சில கேள்விகள் கேட்டார். அவள் ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இதுல நோயாளி சொல்றதை விட, கூட இருக்கிறவங்க சொல்றதுதான் முக்கியம்" என்றார். நான் சொன்னேன். எஞ்சின்களைப் பற்றிச் சொன்னேன், சாவியைச் சொன்னேன், குளிர்சாதனப் பெட்டியில் இருந்த மூக்குக் கண்ணாடியைச் சொன்னேன். எதையும் கூட்டிச் சொல்லவில்லை. அவை எல்லாமே நடந்தவை. அவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஆரம்பத்தில் தூக்கமாக இருக்கும், பழகிவிடும் என்றார். அவளுக்குப் பழகவில்லை. நாளின் பெரும்பகுதி ஜன்னல் பக்கம் போட்ட நாற்காலியில் இருந்தாள்.

நான் அவளை நன்றாகவே பார்த்துக்கொண்டேன். இதை அக்கம்பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். டப்பாக்களில் எல்லாம் பேர் எழுதி ஒட்டினேன். தலை வாரிவிட்டேன், தினமும் மாடிக்கு அழைத்துப் போய் நடக்க வைத்தேன். பட்டறையில் எஞ்சின்களை நானே கட்டினேன். என் எஞ்சின்கள் மோசமில்லை. யாரும் திரும்ப வந்து குறை சொன்னதில்லை. பால்வண்டிக்காரர் ஒருநாள் கண்ணாடி அறையில் உட்கார்ந்து, "அக்காவுக்கு இப்படி ஆயிடுச்சே" என்று வருத்தப்பட்டார். எழுந்து போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "உண்மையில கஷ்டம் உங்களுக்குத்தான் சார். வேற ஒருத்தனா இருந்தா எப்பவோ அம்மா வீட்ல கொண்டுபோய் விட்டிருப்பான்." எத்தனையோ வருடமாக அவர் அங்கே வருகிறார். அந்த நாற்காலியில் உட்கார்ந்து என்னைப் பற்றி அவர் பேசியது அன்றுதான்.

தங்கை கணக்கு டீச்சர். தூர ஊரில் இருப்பவள். விடுமுறைக்கு வந்தாள். அக்காவைப் பார்த்ததும் என்னிடம் எதுவும் கேட்காமல் வேறொரு டாக்டரிடம் அழைத்துப் போனாள். அங்கே படம் எடுத்து, ரத்தம் எடுத்து, எல்லாம் பார்த்துவிட்டு மூளையில் ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொன்னார்கள். ஒரு டாக்டர் ஒன்று சொல்வார், இன்னொருவர் இன்னொன்று சொல்வார். நான் விவாதம் செய்யவில்லை.

பிறகு தங்கை தன் காரைப் பட்டறைக்குக் கொண்டுவந்தாள். செயின் சத்தம் போடுகிறது, அக்காதான் மாற்ற வேண்டும் என்றாள். என் மனைவி மாட்டேன் என்றாள். "என் கார்தானே, பாழாப் போனா போகட்டும், நீ மாட்டு" என்று பிடிவாதமாக அந்த அறைக்கு இழுத்துப் போனாள். தானும் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

முதலில் என் மனைவி ஒரு போல்ட்டை இரண்டு தடவை கீழே போட்டாள். அப்புறம் பழைய விரிப்பை எடுத்து விரித்தாள். சாமான்களை ஒவ்வொன்றாக அடுக்கினாள். அதன் பிறகு எதுவும் கீழே விழவில்லை. நான் கதவருகே வந்து வந்து பார்த்தேன். புது செயினை எடுத்து எண்ணெயில் முக்கினாள். கேம் சக்கரத்தைப் புள்ளிக்கு நேராக வைத்து, மூச்சை நிறுத்திக்கொண்டு, போல்ட்டைக் கையால் முதலில் திருகினாள். அந்த முகம் எனக்குத் தெரியும். சாவியை எடுத்து வீட்டைத் திறக்கிற முகம். அந்த வீட்டுக்குள் நான் ஒருநாளும் போனதில்லை. நான் வாசலில் நிற்கிறேன் என்பதுகூட அந்த நேரங்களில் அவளுக்குத் தெரியாது. ஏன் செய்தீர்கள் என்று நீங்கள் கேட்டால் இதைத்தான் சொல்ல முடியும். இது காரணமாகுமா என்று தெரியவில்லை.

அவள் இரண்டு சுற்று சுற்றிப் பார்த்து மூடினாள். தங்கை அவளைச் சாப்பிட அழைத்துப் போனாள். அந்த எஞ்சின் நன்றாக ஓடிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தேன். இரண்டு வருடமாக அவள் பட்ட கஷ்டத்துக்கெல்லாம் அர்த்தமே இல்லாமல் போய்விடும். அதை அவளால் தாங்க முடியாது. அவளுக்காகத்தான் மறுபடி ஒரு பல் நகர்த்தினேன்.

திரும்பி வந்து கிளப்பினார்கள். குலுங்கியது. "நான்தான் சொன்னேனே" என்று என் மனைவி எஞ்சினை நிறுத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். தங்கை அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். காலையில் அக்கா மாட்டியது முழுவதையும் தன் போனில் வீடியோ எடுத்து வைத்திருந்தாள். புள்ளிகள், கண்ணிகள், இரண்டு சுற்று, மூடியது, எல்லாம் இருந்தது. நான் அதை யோசிக்கவில்லை. கணக்கு டீச்சர்கள் விடைத்தாளைத் திருத்துவதற்கு முன்னால் விடையைக் கையில் வைத்துக்கொள்வார்கள்.

என்னைத் தனியாக அழைத்துக் கேட்டாள். நான் மறுக்கவில்லை. நடந்ததை இப்போது உங்களிடம் சொன்ன மாதிரியே சொன்னேன். அவள் அடிப்பாள் என்று நினைத்தேன். சுவரில் சாய்ந்து நின்றாள், அவ்வளவுதான்.

"அக்காவை என்கூட அனுப்புங்க, அத்தான்."

"தாராளமா கூட்டிட்டுப் போ. நான் தடுக்கலையே."

என் மனைவி போக மறுத்துவிட்டாள். "அவர் இல்லாம எனக்கு எது எங்க இருக்குன்னுகூடத் தெரியாது" என்றாள். தங்கை வீடியோவைப் போட்டுக் காட்டினாள். என் மனைவி முழுவதும் பார்த்தாள். பார்த்துவிட்டு, "சரியாத்தான் மாட்டியிருக்கேன். அப்புறம் நானே திறந்து மாத்தியிருப்பேன் போல. ஞாபகம் இல்ல" என்றாள்.

"நீ என்கூடதானேக்கா சாப்பிட்டுக்கிட்டு இருந்தே."

"அப்படியா? இருக்கும்."

அதற்குப் பிறகுதான் தங்கை என்னிடம் ஒன்று கேட்டாள். நானே என் வாயால் அக்காவிடம் சொல்ல வேண்டும், அதுவும் தன் முன்னால். நியாயமான கோரிக்கைதான். நேற்று மூவரும் முன்னறையில் உட்கார்ந்தோம். ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். பால்வண்டியிலிருந்து மூக்குக் கண்ணாடி வரைக்கும். பள்ளிக்கூடத்துக்கு நீ போகக் கூடாது என்றுதான் செய்தேன் என்பதையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்கிற மாதிரி குரலை மாற்றிக்கொள்ளவில்லை. இப்போது உங்களிடம் பேசுகிற குரல்தான்.

என் மனைவி குறுக்கே பேசாமல் கேட்டாள். முடித்ததும் தங்கையைத் திரும்பிப் பார்த்தாள்.

"இதெல்லாம் சொல்லச் சொன்னது நீயா?"

"இல்லம்மா" என்றேன். "நடந்தது இதுதான்."

அவள் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். "போதுங்க. என் தப்பை எல்லாம் உங்க தலையில எத்தனை நாள்தான் போட்டுக்குவீங்க. அன்னைக்கு எனக்குத் தெரியாம சக்கரத்தை மாட்டிக்கிட்டு இருந்தீங்களே, அப்பவே எனக்குப் புரிஞ்சு போச்சு, நீங்க எப்பேர்ப்பட்ட மனுஷன்னு."

"நான் அன்னைக்கு மாத்திக்கிட்டு இருந்தேன்மா. சரி பண்ணலை."

"சரிங்க, சரி" என்றாள், காய்ச்சலில் பிதற்றுகிற குழந்தையிடம் சொல்வதுபோல.

தங்கை முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். என் மனைவி அவளையும் சமாதானப்படுத்தினாள். எனக்காக என்று சொல்ல மாட்டேன், தங்கைக்காக இன்னும் ஒரு முறை முதலிலிருந்து மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். என் மனைவி தலையை ஆட்டிக்கொண்டே என் முழங்கையில் ஒட்டியிருந்த கிரீஸைச் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தாள்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போட்டுவிடுகிறேன். அவளையும் கூப்பிட்டு விசாரிப்பீர்கள் என்று தங்கை சொன்னாள். விசாரியுங்கள். ஆனால் அவள் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள், சார். அவளைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. எத்தனை தடவை எடுத்துச் சொன்னாலும் அவள் மனசில் நிற்காது, அவளுடைய வியாதி அப்படி.